கூட வந்த நாய்

என் அக்கா மகன் அமெரிக்காவில் போர்ட்லந்து நகரத்தில் இருக்கிறான். சென்ற மாதம் அங்கிருந்து ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். கொலம்பியா நதி. அதில் ஓர் ஆள் காலை நீட்டி உட்காரும்படியான ஒல்லிப் படகு, 'கயாக்' என்கிறார்கள். நடுவில் அவன், கையில் இருபுறமும் இலை வைத்த துடுப்பு. அவனுக்கு முன்னால், படகின் மூக்கோரத்தில், அவனுடைய நாய் லட்டு. அவன் போட்டிருந்த மாதிரியே அதற்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"சட்டை நன்னாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "ஏண்டா, அந்த நாய் வரேன்னு சொல்லித்தா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதே கொலம்பியா நதியில் இருநூறு வருஷங்களுக்கு முன் தோணியில் போன இன்னொரு நாயின் சரித்திரத்தை எப்போதோ படித்திருந்தேன். அதைத் தேடி எடுத்து மறுபடியும் படித்தேன். அந்த நாயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் படகைப் பற்றி ஒரு வார்த்தை. கயாக் என்பது விளையாட்டுக்காகப் பிறந்த படகு அல்ல. வட துருவத்தை ஒட்டிய பனிப் பிரதேசங்களில் வாழும் இன்யூட் மக்கள் வேட்டைக்காகச் செய்துகொண்டது. மரத்தாலோ எலும்பாலோ கூடு கட்டி, அதன்மேல் கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து, நடுவில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் துவாரம் விட்டிருப்பார்கள். அதில் நாய்க்கு இடம் கிடையாது. குடும்பத்தோடு இடம் பெயரும்போது அவர்கள் வேறொரு படகை எடுப்பார்கள். 'உமியாக்' என்று பெயர். மேல்மூடி இல்லாத பெரிய தோல் படகு. பெண்கள், குழந்தைகள், கூடாரம், சட்டி பானை, நாய்கள், எல்லாம் அதில் ஏறும். சில சமயம் நாய்கள் கரையோடு நடந்து, கயிறு கட்டிப் படகையே இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. ஆக, நாய் படகில் ஏறியது நேற்றைய நாகரிகம் அல்ல. வேலை செய்கிற ஜீவனாக ஏறியது. செல்லப் பிராணியாக ஏறியதுதான் பின்னால்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது நான் சொல்ல வந்த நாய்.

1803-ஆம் வருஷம். அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்ஸன், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து மிஸிஸிப்பி நதிக்கு மேற்கே ஒரு பெரும் பிரதேசத்தை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார். அது அங்கே ஆயிரக்கணக்கான வருஷங்களாக வாழ்ந்துவந்த பூர்வகுடிகளைக் கேட்டுச் செய்த கிரயம் அல்ல. அந்தப் பிரதேசத்தையும் தாண்டி, ஆறுகள் வழியாகவே பசிபிக் சமுத்திரம் வரை போய்ப் பார்த்துவர மெரிவெதர் லூயிஸ் என்ற 28 வயதுக் காப்டனை நியமித்தார். லூயிஸ் தமக்குத் துணையாக வில்லியம் கிளார்க் என்ற நண்பரைச் சேர்த்துக்கொண்டார். துப்பாக்கி, மருந்து, மணிமாலை, காகிதம், மை என்று சாமான்களை வாங்கிக் குவித்த லூயிஸ், கூடவே ஒரு நாயையும் வாங்கினார். அதன் பெயர் ஸீமன். கடலோடி, மாலுமி என்று பொருள்.

நியூபவுண்ட்லாந்து ஜாதி. செம்படவர்கள் வளர்த்த நாய். தண்ணீர் ஒட்டாத அடர்ந்த ரோமம், வாத்தின் கால்போல் விரல்களுக்கு நடுவே சவ்வு, ஒரு மனிதனின் எடை. வலை இழுக்கும்; கடலில் விழுந்தவனைக் கவ்விக் கரை சேர்க்கும். லூயிஸ் கொடுத்த விலை 20 டாலர். அந்தக் காலத்தில் காப்டனுக்கு மாதச் சம்பளம் 40 டாலர். சாதாரணச் சிப்பாய்க்கு 5. அதாவது, அந்தப் படகில் துடுப்புப் போட்டவன் நாலு மாதம் உழைத்தால்தான் அந்தப் படகில் உட்கார்ந்திருந்த நாயை வாங்க முடியும்!

ஆகஸ்டு 31-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கிலிருந்து படகு புறப்பட்டது. பதினோரு நாளில் ஸீமன் தன் விலைக்கு வேலை காட்டத் தொடங்கிவிட்டது. ஒஹையோ நதியில் கூட்டம் கூட்டமாக அணில்கள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீந்திக் கடந்துகொண்டிருந்தன. ஸீமன் தண்ணீரில் குதிக்கும். ஓர் அணிலைக் கவ்விக் கொல்லும். படகுக்குக் கொண்டுவந்து போடும். அவற்றை வறுத்துத் தின்றதாக லூயிஸ் திருப்தியோடு எழுதிவைத்திருக்கிறார்.

நவம்பரில், ஒஹையோ மிஸிஸிப்பியோடு கலக்கும் இடத்தில், ஷானி இனத்தைச் சேர்ந்த கண்ணியமான தோற்றமுள்ள ஒருவர் நாயைப் பார்த்து ஆசைப்பட்டு, மூன்று பீவர் தோல்களைக் கொடுக்க முன்வந்தார். பீவர் என்பது மரத்தைப் பல்லால் வெட்டி ஆற்றில் அணை கட்டும் பிராணி. அதன் தோலுக்கு அன்று நல்ல மதிப்பு. லூயிஸ் மறுத்துவிட்டார். தாம் 20 டாலர் கொடுத்ததையும் ஞாபகமாக எழுதுகிறார். அதன் சாதுவான குணத்துக்காகத் தாம் அதைப் பெரிதாக மதிப்பதையும் எழுதுகிறார். கணக்கும் பிரியமும் ஒரே வரியில்! மனித மனம் அப்படித்தான் போலிருக்கிறது.

1804 மே மாதம் மிஸௌரி நதியில் ஏறினார்கள். அடுத்த வருஷம் ஏப்ரலில், பருத்திமர வகை ஒன்றைக் குடைந்து செய்த ஆறு வள்ளங்களும் இரண்டு பெரிய துடுப்புப் படகுகளுமாக, 33 பேர் மேற்கே கிளம்பினார்கள். அந்த 33-இல் ஸாககவியா என்ற ஷோஷோனி இனத்து இளம் பெண்ணும், இரண்டு மாதம்கூட ஆகாத அவள் குழந்தையும் அடக்கம்.

1805 மே 19. ஒருவன் சுட்டதில் அடிபட்ட பீவர் ஒன்று தண்ணீரில் கிடந்தது. எடுத்துவர ஸீமன் நீந்திப் போயிற்று. சாகும் தறுவாயிலிருந்த பிராணி அதன் பின்னங்காலைக் கடித்து ரத்தக் குழாயையே துண்டித்துவிட்டது. லூயிஸ் தம் கையாலேயே ரத்தத்தை நிறுத்தப் படாத பாடுபட்டார். பிழைக்காது என்றே நினைத்தார். பிழைத்தது.

பத்து நாள் கழித்து, மே 29-ஆம் தேதி நள்ளிரவு. எல்லோரும் கரையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு முரட்டுக் காட்டெருமை ஆற்றை நீந்திக் கடந்து, கரையில் கட்டியிருந்த படகின்மேலேயே ஏறி மிதித்து, மிரண்டுபோய் நேரே முகாமுக்குள் பாய்ந்தது. தூங்குகிறவர்களின் தலைக்கும் அதன் குளம்புக்கும் ஒன்றரை அடிதான் இடைவெளி. அடுத்தது தலைவர்கள் படுத்திருந்த கூடாரம். ஸாககவியாவும் மூன்றரை மாதக் கைக்குழந்தையும் அதே கூடாரத்தில்தான். அப்போது ஸீமன் குறுக்கே பாய்ந்து குரைத்தது. எருமை திசை மாறி இருட்டில் ஓடி மறைந்தது. விழித்தவர்கள் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி, என்ன நடந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நாளைக்கு முன் போட்ட கட்டுக்கு நாய் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டது.

இதோடு நிறுத்தினால் இது குழந்தைகளுக்கான நல்ல கதை. ஆனால் சரித்திரம் குழந்தைகளுக்காக நடப்பதில்லை.

மலைகளைத் தாண்டி, பைன் மரங்களை நெருப்பு வைத்துக் குடைந்து ஐந்து புதிய வள்ளங்கள் செய்து, 1805 அக்டோபரில் கொலம்பியா நதியில் இறங்கினார்கள். என் அக்கா மகன் துடுப்புப் போடுகிறானே, அதே நதிதான். அங்கே வேட்டைக்கு மிருகம் அகப்படவில்லை. மீன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பசி. கரையோர மக்களிடம் நாய்கள் இருந்தன. விலைக்கு வாங்கித் தின்ன ஆரம்பித்தார்கள். அக்டோபர் 18 அன்று மட்டும் வழிச் சாப்பாட்டுக்காக அவர்கள் வாங்கிய நாய்கள் 40.

கிளார்க்குக்கு மட்டும் அது கடைசிவரை பிடிக்கவில்லை. லூயிஸுக்குப் பிடித்துப்போயிற்று. இளைத்த மானைவிட, எல்க் என்னும் பெரிய மானின் கறியைவிட, நாய்க்கறியே மேல் என்றும், ஆட்கள் நல்ல ஆரோக்கியமாக இருந்தது அதைத் தின்ற நாட்களில்தான் என்றும் 1806 ஜனவரியில் எழுதுகிறார். அவர் அப்படி எழுதியபோது, கடற்கரையை ஒட்டிய அந்த மரக்கோட்டைக்குள் அவருடைய நாயும் எங்கோ படுத்துத்தான் இருந்திருக்கும்.

பட்டினி கிடந்தவர்களை, வயிறு நிறைந்த நாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு குற்றம் சொல்வது அழகல்ல. எனக்கு ஆச்சரியம் வேறு. அந்த மாதங்களில் ஸீமனை அடித்துத் தின்னலாம் என்ற பேச்சு அவர்கள் எழுதிய எந்த நாட்குறிப்பிலும் இல்லை. எலும்பும் தோலுமாக இருந்த ஊர் நாய்களைத் தேடித் தேடி விலை கொடுத்து வாங்கினார்கள். நன்றாக வளர்ந்த இந்த நாய், கூடவே வள்ளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுக்குப் பெயர் இருந்தது. மற்றவற்றுக்கு எண்ணிக்கைதான் இருந்தது.

திரும்பி வருகிற வழியில் இதை ஒருவன் அவர்களுக்கு எடுத்துக்காட்டினான். நெஸ் பெர்ஸ் மக்கள் நாய் தின்னாதவர்கள். 1806 மே 5-ஆம் தேதி லூயிஸ் நாய்க்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர்களில் ஒருவன் பட்டினியால் வாடிய ஒரு குட்டியைத் தூக்கி அவர் தட்டில் விழுகிறாற்போல் எறிந்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தான். லூயிஸுக்கு ரௌத்திரம் வந்துவிட்டது. அந்தக் குட்டியைப் பற்றி அவன் மார்பிலும் முகத்திலும் படும்படி வீசி அடித்தார். கைக்கோடரியைத் தூக்கிக் காட்டி, இன்னொரு முறை செய்தால் வெட்டிவிடுவேன் என்று ஜாடை செய்தார். அதன்பின் நிம்மதியாகச் சாப்பாட்டை முடித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குட்டி என்ன ஆயிற்று என்று எழுதவில்லை.

இதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்ததையும் சொல்லவேண்டும். மார்ச் மாதம் கடற்கரைக் கோட்டையை விட்டுக் கிளம்பும்போது அவர்களுக்கு வள்ளம் குறைந்தது. கொடுத்து வாங்கச் சாமானும் தீர்ந்திருந்தது. அவ்வளவு நாள் அக்கம்பக்கமாக இருந்த கிளாட்சாப் மக்களின் வள்ளம் ஒன்றைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் தாங்கள் வேட்டையாடிய எல்க் மான்களை அவர்கள் எடுத்துப் போனதற்கு இது ஈடு என்று சமாதானமும் எழுதிவைத்தார்கள். திருட்டுக்கு ஒரு சமாதானம் கிடைக்காமல் போனதே கிடையாது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 11-ஆம் தேதி கொலம்பியாவின் வேகமான நீரோட்டத்தில் வள்ளங்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் அப்பகுதிக்காரர்கள் மூன்று பேர் ஸீமனை ஆசை காட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். லூயிஸ் மூன்று ஆட்களைத் துரத்தி அனுப்பினார். கொடுக்க மறுத்து எதிர்த்தால் சுடலாம் என்று உத்தரவு! இரண்டு மைலுக்குள் கண்ணில் பட்டார்கள். பின்னால் ஆள் வருவதைக் கண்டதும் நாயை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். ஸீமன் திரும்பி வந்தது. சுடுவதற்குத் தேவை ஏற்படவில்லை.

நாய்க்காக மனிதனைச் சுடத் துணிந்த பிரியத்தை என்னவென்று சொல்வது? அது பிரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் வேலி போட்ட பிரியம். வேலிக்கு உள்ளே ஒரு நாய். வெளியே நாற்பது நாய்; வள்ளத்தைப் பறிகொடுத்தவனும் வெளியேதான். அந்த வள்ளத்தின் கணக்கு மட்டும் தீர இருநூறு வருஷம் ஆயிற்று. 2011-இல் கிளார்க்கின் வம்சத்தார், அதுபோன்ற ஒரு வள்ளத்தைச் செய்வித்துச் சினூக் மக்களிடம் கொடுத்தார்கள். தின்ற நாய்களின் கணக்கைக் கேட்க யாரும் இல்லை.

1806 ஜூலை 5-ஆம் தேதி, இன்றைய மான்டானாவில் ஓடும் ஓர் ஓடைக்கு லூயிஸ் தம் நாயின் பெயரை வைத்தார். பத்து நாள் கழித்து, கொசுக்கடி பொறுக்கமுடியாமல் நாய்கூட ஊளையிடுகிறது என்று எழுதினார். அதோடு சரி. அதற்குப் பிறகு நாட்குறிப்புகளில் ஸீமன் வரவில்லை. செப்டம்பர் 23-ஆம் தேதி எல்லோரும் செயின்ட் லூயிஸ் நகரம் வந்து சேர்ந்தார்கள்.

பெயருக்கு வந்த கதியைக் கேளுங்கள். 1916-இல் பயணத்தில் போன ஒரு ஸார்ஜன்ட்டின் நாட்குறிப்பு அச்சேறியபோது, கையெழுத்து புரியாமல் நாயின் பெயரை 'ஸ்கேனன்' என்று படித்துவிட்டார்கள். எழுபது வருஷம் அதுவே வழங்கிற்று. புத்தகங்களிலெல்லாம் ஸ்கேனன் ஓடிற்று, நீந்திற்று, குரைத்தது. 1985-இல் டொனால்ட் ஜாக்ஸன் என்ற சரித்திர ஆசிரியர் அந்த ஓடையின் பெயரை வைத்துக்கொண்டு ஆராய்ந்து, அது ஸீமன்தான் என்று நிறுவினார். ஓடைக்கு மட்டும் இன்று வேறு பெயர்.

பிறகு இன்னொரு சாட்சியும் வெளிச்சத்துக்கு வந்தது. 1814-இல் திமதி ஆல்டன் என்ற பாதிரியார் கல்லறை வாசகங்களைத் தொகுத்து அச்சிட்ட புத்தகம் அது. வர்ஜீனியாவில் ஒரு காட்சிசாலையில் இருந்த நாய்க் கழுத்துப்பட்டை ஒன்றின் வாசகத்தையும் அவர் அதில் சேர்த்திருந்தார். தன் இனத்திலேயே மகா பிரயாணி தான்தான் என்றும், தன் பெயர் ஸீமன் என்றும், காப்டன் லூயிஸோடு கண்டத்தைக் கடந்து பசிபிக் சமுத்திரம் வரை போனதாகவும் அந்தப் பட்டை நாயின் வாயால் சொல்லிக்கொண்டதாம்.

லூயிஸின் முடிவு பரிதாபமானது. கவர்னர் பதவி, கடன், மனக்கலக்கம். 1809 அக்டோபர் 11-ஆம் தேதி, காட்டுவழியில் ஒரு தங்கும் வீட்டில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார் என்பதே பெரும்பாலான சரித்திர ஆசிரியர்களின் முடிவு. வயது 35. அவர் உடலைவிட்டு ஸீமன் நகரவில்லை என்றும், புதைத்த மேட்டின்மேல் கிடந்து அன்ன ஆகாரமின்றி உயிரை விட்டது என்றும் ஆல்டன் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு மகாபாரதம் ஞாபகம் வந்தது. தருமபுத்திரர் கடைசிப் பிரயாணம் போகிறார். மனைவி விழுந்தாள், தம்பிமார் விழுந்தார்கள். ஒரு நாய் மட்டும் பின்னோடு வந்தது. நாயை விட்டால் சொர்க்கம் என்றபோது, எனக்கு வேண்டாம் என்று நின்றார் அவர். அந்த நாயை யாரும் அழைக்கவில்லை, அதற்கு யாரும் விலை கொடுக்கவில்லை, பெயர்கூட இல்லை. தானாக வந்தது. வந்ததை அவர் விடவில்லை. அவ்வளவுதான் அந்தக் கதையில் தருமம்.

அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று சொல்வதாகச் சொன்னேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பாவுக்கு மாயவரத்திலிருந்து விழுப்புரத்துக்கு மாற்றல் ஆயிற்று. எங்கள் வீட்டு வாசலில் மணி என்று ஒரு நாய், நாலு வருஷமாக எங்கள் சோற்றைத் தின்று வளர்ந்தது. புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றார் அப்பா. லாரியில் சாமான் ஏறிற்று; நாங்களும் ஏறினோம். மணி பின்னாலேயே ஓடிவந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரி நின்றது. மணி வந்து சேர்ந்து, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்தில் நின்று வாலை ஆட்டிற்று. ரயில் வரும்வரை ஐந்து நிமிஷம் இருக்கும். கை நீட்டினால் தூக்கிவிடலாம். யாரும் ஒன்றும் பேசவில்லை. ரயில் போயிற்று, கேட் திறந்தது, லாரி கிளம்பிற்று. ஆற்றுப் பாலம்வரை அது ஓடிவந்ததைப் பின்பக்கம் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்குமுன் அக்கா மகனுக்குத் தொலைபேசி செய்து, பாட்டியின் கேள்வியை அப்படியே கேட்டேன்.

"முதல்ல வரமாட்டேன்னுதான் மாமா சொல்லித்து" என்றான். "படகை வீட்டு ஹால்லயே மூணு வாரம் போட்டு வெச்சேன். சாப்பாட்டை அதுக்குள்ளதான் வெப்பேன். அதுவா ஏறி, அதுவா படுத்துக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் தண்ணிக்குக் கொண்டுபோனேன். ஒரு மணிக்கு ஒரு தரம் கரையில இறக்கிடணும். அப்புறம் மாமா, படகோட கயிறு போட்டு மட்டும் கட்டவே கூடாது. படகு கவுந்தா நாம நீந்திடுவோம்; கட்டின நாய் படகோட போயிடும்."

அம்மாவிடம் சொன்னேன்.

"அப்படின்னா சரி" என்றாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரம் கழித்து, முறத்தைவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"மணி வரேன்னு சொல்லித்துடா."